ஆடி பதினெட்டுக்குள் ஒரு பதில்

ஜூலை 8, செவ்வாய்

சிஸ்டர் ஜெசிந்தாவின் உத்தரவுப்படி இன்று முதல் நாட்குறிப்பு. எங்கள் குடும்ப ஆலோசனை மையத்தின் பொறுப்பாளர் அவர். "நாள் பூரா அடுத்தவங்க மனசைக் கேக்குறீங்க மங்கை. உங்க மனசை யாரு கேக்குறா? எழுதுங்க" என்றார். இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் மனது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஸ்டரிடம் மறுத்துப் பேசி ஜெயித்தவர் திருச்சியிலேயே கிடையாது.

புது நோட்டு வாங்கவில்லை. வருகிறவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதற்காகச் சின்னக்கடைத் தெருவில் நீல அட்டை நோட்டுகளை டஜனாக வாங்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நேரில் சொல்ல முடியாததை வீட்டில் எழுதி வரவேண்டும். நான் அங்கேயே படித்து, சிவப்பு மையில் குறிப்பு எழுதி, அடியில் "பார்த்தேன், ம." என்று போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ரகசியம் காக்கவேண்டுமே என்று எந்த அட்டையிலும் பெயர் எழுதுவதில்லை. இந்த ஏற்பாட்டைப் பற்றி வெளியூர்க் கூட்டத்தில்கூடப் பேசியிருக்கிறேன்.

இந்த நோட்டிலும் வருகிறவர்கள் யார் பெயரும் வராது. காய்கறிப் பெயர்தான். இன்று புதிதாக வந்த தம்பதிக்குப் புடலங்காய், சுண்டைக்காய் என்று வைத்திருக்கிறேன். அவன் ஆறடி, டைல்ஸ் கடையில் விற்பனையாளன். அவள் அவன் நெஞ்சு உயரம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, பேச்சில் காரசாரம். தை மாதம்தான் கல்யாணம்.

என் வீட்டுக்காரருக்குக் காய்கறிப் பெயர் தேவையில்லை. அவர் "இவர்". மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. மகன் புனேயில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். சாயங்காலம் காபி குடிக்கும்போது சொன்னார், "கமுதி பக்கம் ஒரு சோலார் பண்ணையில மேற்பார்வைக்கு ஆள் கேக்குறாங்க. ரெண்டு வருஷம். தங்க ரூம் தராங்களாம். போகட்டுமா?"

"உங்க இஷ்டங்க" என்றேன். ஒருவருடைய முடிவை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். அதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஜூலை 9, புதன்

இவர் மிக்சியைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்தார். மிக்சி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 10, வியாழன்

புடலையும் சுண்டையும் வந்தார்கள். திங்களும் வியாழனும் அவர்கள் முறை.

"துணிக்கடைக்குப் போனா 'உன் இஷ்டம்'. ஹோட்டலுக்குப் போனா 'உன் இஷ்டம்'. எந்த வீட்டுக்கு வாடகைக்குப் போறதுன்னு கேட்டா அதுக்கும் 'உன் இஷ்டம்'" என்றாள் அவள். "சூப்பர் மார்க்கெட்ல தள்ளிட்டுப் போற வண்டி கூட ஒரு பக்கமா இழுக்கும் மேடம். இவரு அது கூட இழுக்க மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். புடலைக்கு முகம் தொங்கிப் போனது. "எங்க வீட்ல அம்மாவுக்கு எதுலயும் பேச்சே கிடையாது மேடம். இவளுக்காவது முழு சுதந்திரம் குடுக்கணும்னு நெனச்சேன்" என்றான். நல்ல பையன். இரண்டு பேருக்கும் நோட்டு கொடுத்து அனுப்பினேன்.

காலையில் தோசை வார்க்கும்போது இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "நான் போயிட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

"அது ஏன் உங்களுக்கு முக்கியமா படுது?" என்றேன்.

சுத்தமான கேள்வி. புதிதாகச் சேரும் ஆலோசகர்களுக்குப் பாடமாகவே சொல்லலாம். இவர் சட்னி போட்டுக்கொள்ளாமல் தோசையைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 12, சனி

இன்று மையத்தில் ஒரே கலாட்டா. இவர் போன் செய்து, குரலை மாற்றிக்கொண்டு, "மங்கையர்க்கரசி மேடத்துக்கிட்ட பேசணும், எப்ப வரலாம்?" என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பிலோமினா, "அருணகிரி சார்தானே?" என்று கண்டுபிடித்துவிட்டாள். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஓய்வு பெற்ற பிறகும் ஒருவருக்கு நகைச்சுவை உணர்வு குறையாமல் இருப்பது நல்ல அறிகுறி.

ஜூலை 14, திங்கள்

சுண்டையின் நோட்டில் ஆறு பக்கம். புடலையின் நோட்டில் ஒன்றரை வரி, அதில் அரை வரி அடித்தல். சிவப்பு மைக்கு ரொம்ப வேலை இல்லை.

இவர் பாத்திரக் கடைக்குப் போய் வந்திருக்கிறார். "ஒத்தை ஆளுக்கு ரெண்டு லிட்டர் குக்கர் போதும்னான் கடைக்காரன். வாங்கட்டுமா, வேணாமா?"

"தேவைப்படும்னு தோணுனா வாங்குங்க. அடி கனமா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றேன். குக்கர் விஷயத்தில் மட்டும் என்னால் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. புதுப்பெண்ணை ஆடி மாதம் புருஷன் வீட்டில் விட்டுவைக்க மாட்டார்களே, சுண்டையின் அப்பா லால்குடியிலிருந்து காரோடு வந்து மையத்து வாசலில் காத்திருந்தார். உள்ளே இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா கூப்பிட வந்திருக்காரு, போகட்டுமான்னு கேட்டேன் மேடம். என்ன சொல்லியிருப்பாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். கண் நிறைந்திருந்தது.

"வழக்கம் மேடம். நான் எப்படித் தடுக்கிறது?" என்றான் அவன்.

அப்போது நான் சொன்னது எனக்கே பிடித்திருந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். "தடுக்க வேணாம் தம்பி. அவங்க போறது போகட்டும். ஆனா 'நீ போறது எனக்குக் கஷ்டமா இருக்கு'ன்னு வாயத் தொறந்து சொல்லலாம்ல? 'உன் இஷ்டம்'னு சொல்றது சுதந்திரம் குடுக்கிறது இல்ல. கதவைத் தொறந்து வச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிறது. கேக்குறவங்க அனுமதியா கேக்குறாங்க? நான் உனக்கு வேணுமான்னு கேக்குறாங்க."

அதையே சிவப்பு மையில் அவன் நோட்டில் எழுதி, பார்த்தேன், ம. என்று போட்டேன். சுண்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, கடைசியில் கையை மட்டும் ஆட்டினான். பரவாயில்லை, கை ஆட்டியதும் ஒரு முன்னேற்றம்தான். நான் கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "அந்த மேனேஜர் போன் பண்ணாரு. ஆடியில யாரும் வேலைல சேர வேணாம், ஆவணி ஒன்னாந்தேதி வந்தா போதும்னாரு. ஆனா ஆடிப்பெருக்கு அன்னைக்கு நல்ல நாளு, மதியத்துக்குள்ள முடிவச் சொல்லிரணுமாம். என்ன சொல்லட்டும்?" என்றார்.

காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. "உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டு வெந்நீர் போடப் போனேன்.

ஜூலை 19, சனி

குக்கர் வந்துவிட்டது. இவர் அதில் தனியாக ஒரு சாம்பார் வைத்துப் பழகினார். உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் ஏனோ இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

மையத்திலேயே எழுதுகிறேன். பதினோரு மணிக்காரர்கள் வரவில்லை. மூன்று நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. சிஸ்டர் கண்ணைப் பார்த்தே கேட்டார், மின்விசிறி சத்தம் என்றேன். எங்கள் வீட்டு மின்விசிறிகள் எதற்கும் சத்தம் கிடையாது, தெருவில் இருக்கிற அத்தனை மின்விசிறியையும் இவர் சரிசெய்துவிட்டார். சரி, சுண்டை லால்குடியிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டாள், குரல் கேட்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

இது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம். முன்பக்கத்தில் என் ராசிக்குப் போட்டிருக்கும் பலன்: மறதி.

காலையில் எழுதலாம் என்று பையைத் திறந்தால் நீல நோட்டு இருந்தது, உள்ளே சுண்டையின் கையெழுத்து. நேற்று மேஜைமேல் இருந்த இரண்டு நோட்டில் நான் அவள் கையில் கொடுத்தது என்னுடையது. பெயர் எழுதாத அட்டை, ரகசியம் காக்கும் ஏற்பாடு, வெளியூர்க் கூட்டத்தில் கைதட்டல்.

ஜூலை 23, புதன்

இதுவும் காலண்டர் தாள்.

நேற்று முதல் வேலையாக சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வேற யாரோட விஷயமும் அதுல இல்லையே?" என்று கேட்டார். அவர்கள் இருவரும், நானும் இவரும் மட்டும்தான் என்றேன். "அப்ப நேர்ல மன்னிப்புக் கேளுங்க. வேற ஆலோசகர் வேணுமான்னு கேளுங்க. இனிமே அந்த நோட்டு வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது" என்றார். இனிமேல் எல்லா நோட்டுக்கும் அட்டையில் எண் போடச் சொன்னார். அதை நான் இருபது வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பிறகு சுண்டைக்குப் போன் போட்டேன். "படிச்சிட்டீங்களா?"

"மொதப் பக்கத்துலயே மூடி வச்சிருக்கணும் மேடம். யாரு அந்தச் சுண்டைக்காய்னு தெரிஞ்சுக்கத்தான் ரெண்டாவது பக்கம் திருப்புனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் முடிஞ்சே போச்சு மேடம்." மூச்சு விட்டுக்கொண்டாள். "இவருக்கும் போன்ல வாசிச்சுக் காட்டுனேன். தப்புத்தான். ஆனா புடலங்காய்னதும் இவரு சிரிச்சாரு பாருங்க, கல்யாணம் ஆனதுலேருந்து அப்படிச் சிரிச்சுக் கேட்டதில்ல. ரெண்டு மணி நேரம் பேசுனோம்."

இருபத்திரண்டு வருட அனுபவத்தில் நான் போட்ட எந்தத் திட்டமும் இரண்டு மணி நேரம் வேலை செய்ததில்லை.

ஜூலை 25, வெள்ளி

நேற்று இருவரும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். வேறு ஆலோசகர் வேண்டுமா என்றும் கேட்டேன். "வேணாம் மேடம்" என்றான் புடலை, அவளை முந்திக்கொண்டு, அவனாகவே, அவள் முகத்தைப் பார்க்காமல். சுண்டை அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஒரே ஒரு வருத்தம் மேடம். இவருக்காவது நீளமான காய். என்னைப் போய் சுண்டைக்காய்னுட்டீங்களே" என்றாள்.

நோட்டு திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால், 21ஆம் தேதிக்குக் கீழே பென்சிலில், அவள் பரிசோதனைக் கூடத்தில் எழுதுவதுபோலக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறாள்:

மாதிரி: நீல நோட்டு, 8 முதல் 21 வரை.
சார் கேட்டது: 4 முறை.
மேடம் சொன்ன பதில்: 0.
குறிப்பு: 17ஆம் தேதிப் பக்கத்தை மேடம் மறுபடி படிக்கவும்.

அதிகப்பிரசங்கி. இருபத்தாறு வயதில் எனக்கு இவ்வளவு வாய் இருந்ததில்லை.

ஜூலை 26, சனி

படித்தேன். 17ஆம் தேதியை இரண்டு முறை படித்தேன். காலையில் வடை தின்ன வைத்த பேச்சும், சாயங்காலம் வெந்நீர் போடப் போனதும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எழுதியவளுக்குத் தெரியவில்லை, வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் எண்ணியதிலும் ஒரு பிழை உண்டு. ஒன்றை விட்டுவிட்டாள். இன்று மையத்துக்குப் போனதும் பிலோமினாவிடம் கேட்டேன், அன்றைக்கு இவர் போனில் வேறு என்ன சொன்னார் என்று. "அரை மணி நேரம் போதும்மா, அதுக்கு மேல மேடத்தைத் தொந்தரவு பண்ண மாட்டேன்னாரு" என்றாள். அவள் இன்னும் அதை நகைச்சுவையாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே ஐந்து முறை.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அழுதேன். நாள் முழுவதும் ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்ததும் காதைக் கழற்றி வைத்துவிடுகிறேன். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறேன், தொழில் தர்மம். உண்மை என்ன என்றால், போகாதீர்கள் என்று சொல்லி, அதற்குப் பிறகும் இவர் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் தோற்கவே வேண்டாம் அல்லவா. இவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஜூலை 29, செவ்வாய்

பஸ்ஸில் வரும்போது மூன்று வாக்கியம் தயார் செய்தேன். தில்லைநகரிலிருந்து உறையூர் வரை உதட்டை அசைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா, "மந்திரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, இவர் எதிரில் உட்கார்ந்து, வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "அந்த சோலார் பண்ணை பத்தி இப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

இவர் கண்ணாடியைக் கழற்றினார். "மங்கை, நான் உன் கிளையண்ட் இல்ல" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பக்கத்து வீட்டு மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. இவர் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தது நான்தான். என்னை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு.

காலை ஏழு மணிக்குச் சுண்டையிடமிருந்து செய்தி: "மேடம், இவரு விடிகாலைல முதல் பஸ்ஸ பிடிச்சு லால்குடி வந்துட்டாரு. எங்க அப்பா முன்னாடி நின்னு, பதினெட்டு நாளே ஜாஸ்தி மாமா, எனக்கு வீட்ல இருக்க முடியலன்னு சொல்லிட்டாரு. அப்பா சிரிச்சிட்டாரு. அம்மா அழுதுட்டாங்க. உங்க ரிப்போர்ட் எப்ப வரும்?"

புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் செய்தேன். தேங்காய் சாதத்தை இவர் அந்தச் சின்னக் குக்கரில் வைத்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கரை தொட்டு ஓடியது. படி தெரியாத கூட்டம். காதோலை கருகமணி, வெற்றிலை, மஞ்சள் கயிறு, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒலிபெருக்கியில் விடாமல் அறிவிப்பு. எங்கள் பக்கத்துப் படியில் ஒரு அம்மா புது மருமகளுக்குத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.

சாமி கும்பிட்டு உட்கார்ந்து, தொன்னையில் சாதம் எடுத்து வைத்தேன். இவர் சாப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"மணி பதினொன்னரை. மேனேஜருக்குப் பேசணும்" என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "என்ன சொல்லட்டும்?"

ஆறாவது முறை.

"உங்க" என்று என் வாய் தானாக ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். தயார் செய்த மூன்று வாக்கியமும் காணவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் சாதாரணமாகச் சொன்னால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. அதனால் கத்தினேன்.

"போகாதீங்க. எனக்குப் பிடிக்கல. நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது."

மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். மருமகள் திரும்பினாள். ஐம்பத்தேழு வயதில் காவிரிக் கரையில் இப்படி நிற்பேன் என்று எந்தக் காலண்டரும் பலன் போட்டதில்லை.

"அதான் அவங்க சொல்றாங்களே சார், போகாதீங்க" என்றார் அந்த அம்மா, எங்கே, எதற்கு என்றுகூடக் கேட்காமல்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சொல்ல இருபத்தாறு நாளா?" என்றார். போனை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் போயே ஆகணும்னு ஒன்னும் இல்ல மங்கை. வீட்ல நான் இருக்கிறதும் இல்லாததும் உனக்கு ஒன்னுதான்னு தோணிப்போச்சு. அதான்."

அதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அப்படித் தோன்றும்படி நடந்துகொண்டவள் நான்தான். "தப்புத்தாங்க" என்றேன்.

இவர் எழுந்து நின்று போன் போட்டார். ஒலிபெருக்கியையும் தாண்டி அவர் குரல் கேட்டது. "சார், மன்னிக்கணும். வரல சார். வீட்ல விடமாட்டேங்குறாங்க." ஆண்கள் இந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக அலுத்துக்கொண்டு சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவர் அதைப் பதக்கம் வாங்கினவர்போலச் சொன்னார். மேனேஜருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவையும் சொன்னார். மேனேஜர் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்ததும் தொன்னையை எடுத்துக்கொண்டு நிபந்தனை போட்டார். "தினமும் சாயங்காலம் காபி குடிக்கிறப்ப அரை மணி நேரம். போனை எடுக்கக் கூடாது. கேள்வி கேக்கக் கூடாது. நான் கேட்டா பதில் மட்டும்தான்."

"அது ஏன் உங்களுக்கு" என்று ஆரம்பித்தேன். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"சரி" என்றேன்.

தேங்காய் சாதம் நன்றாக இருந்தது. அடி கனமான குக்கர்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுண்டைக்கு ஒரு வரி அனுப்பினேன்: சார் கேட்டது 6, மேடம் பதில் 1, நோயாளி நலம். அவளும் அவனும் இன்று ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வாடகை வீட்டு விஷயத்தில் அவன் மாடி வேண்டும் என்கிறான், அவள் தரைத்தளம் வேண்டும் என்கிறாள். என் அறையிலேயே சண்டை. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் காபி ஆறுவதற்குள் இந்த நோட்டையும் சிவப்புப் பேனாவையும் இவரிடம் கொடுத்துவிட்டேன். ஊரில் இரண்டு பேர் படித்தாகிவிட்டது, படிக்க வேண்டியவர் படிக்கட்டும். கீழே இருப்பது என் எழுத்து இல்லை.

படித்தேன். எல்லாம் சரி, எண்ணிக்கையில் மட்டும் ஒரு திருத்தம். ஒன்பதாம் தேதி, ஓடுகிற மிக்சியை எதற்குப் பிரிக்கிறீர்கள் என்று நீ கேட்பாய் என்றுதான் பிரித்தேன். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிறவள் அன்றைக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதையும் சேர்த்தால் ஏழு.

பார்த்தேன், அ.